விதைத்தரம் என்னும் கருத்தின் வரலாறு: காலநிலை மீள்திறன் நெல் வேளாண்மையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வேளாண்மையில் தரமான விதை முதன்மை இடம் பெறுகிறது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயினும் ‘தரம்’ என்னும் சொல் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைச் சுட்டவில்லை. உழவர் மரபில் அது நிலத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தும் தகுதியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான நெல் ஆராய்ச்சி நிலையங்களில் அது தூய்மையாகவும் மகசூலாகவும் மாறியது. 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்துக்குப் பின் அது ஆய்வகத்தில் அளக்கத்தக்க விழுக்காடுகளாயிற்று. இம்மூன்று நிலைகளையும் காவிரிப் படுகையின் நெல் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விதைத்தொகுதியின் தரம், வகையின் தகுதி ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மீள்திறன் இரண்டும் சேருமிடத்திலேயே அமைகிறது என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: விதைத்தரம், காலநிலை மீள்திறன், நெல் வகைகள், காவிரிப் படுகை, விதைகள் சட்டம், சப்1 மரபணு, ஊடு சாகுபடி.

முன்னுரை

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைத் தாக்கியது. 2021 ஜனவரியில் பெய்த பருவம் தவறிய பெருமழையில், அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர்கள் சாய்ந்து, நெல்மணிகள் கதிரிலேயே முளைவிட்டன. ஐந்தாண்டு இடைவெளிக்குள் ஒரே நிலப்பரப்பு வறட்சி, புயல், அறுவடைக்கால மழை ஆகிய மூன்று வெவ்வேறு இடர்களைச் சந்தித்துள்ளது. தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றினால் பெறுகிறது. அதனால் அப்பருவத்தின் பிறழ்ச்சி சம்பா நெல்லை நேரடியாகப் பாதிக்கிறது.

இத்தகைய சூழலில் இடரைத் தாங்கி, இடருக்குப் பின் மீண்டெழும் ஆற்றலைக் ‘காலநிலை மீள்திறன்’ என்பர். இதற்குரிய வழிகளுள் முதலாவதாகத் தரமான விதை பரிந்துரைக்கப்படுகிறது. எனினும், எது தரமான விதை என்னும் வினாவுக்கு வேளாண் அலுவலர், விதை ஆய்வாளர், பாரம்பரிய நெல் உழவர் ஆகியோர் தரும் விடைகள் ஒன்றுபோல் அமைவதில்லை. இவ்வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் ‘தரமான விதை’ என்னும் தொடரைக் கையாளும்போது கொள்கையிலும் நடைமுறையிலும் குழப்பம் நேர்கிறது.

கருதுகோளும் ஆய்வு எல்லையும்

விதைத்தரத்தை அளக்கும் முறைகள் ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்தின் முதன்மைத் தேவையிலிருந்து பிறந்தவை. ஒரு தேவைக்கென உருவான அளவுகோல் மற்றொரு தேவையை அளக்கப் போதுமானதாக இராது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும். ஆய்வு நெற்பயிரோடும், பெரும்பான்மையும் காவிரிப் படுகையோடும் வரையறுக்கப்படுகிறது. வெள்ளம் தாங்கும் மரபணுவின் வரலாறு ஒடிசாவில் தொடங்குவதால் அப்பகுதி மட்டும் உடன் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. விதையும் உணவுத் தானியமும்

உண்ணும் நெல்லும் விதைக்கும் நெல்லும் தோற்றத்தில் ஒன்றே. ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கருதாமல் பிரித்துவைப்பதே வேளாண் நாகரிகத்தின் அடிப்படைச் செயல்களுள் ஒன்றாகும். விருந்தோம்பும் பொருட்டு விதைத்தினையை உரலில் இட்டுக் குற்றிய செய்தியைப் புறநானூற்றின் 333ஆம் பாடல் கூறுகிறது. அவ்விதை கதிராகவே உலர்த்தி வைக்கப்பட்டிருந்தது என்பதும் அப்பாடலால் அறியப்படுகிறது. விதைத்த வயலிலிருந்து முளைநெல்லை வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. இவ்விரு இடங்களிலும் ஈகையின் உயர்வு விதையை இழப்பதால் வெளிப்படுகிறது. விதைநெல் வேறு எக்காரணத்தாலும் தொடத்தகாத பொருள் என்னும் பொதுநம்பிக்கை நிலவியதனாலேயே இவ்வுயர்வு பொருள்படுகிறது எனலாம்.

இலக்கியச் சான்றுகள் தரும் செய்திக்கு எல்லையும் உண்டு. விதை தனியே பாதுகாக்கப்பட்டது என்பதை அவை காட்டுகின்றன. அவ்விதை எவ்வளவு முளைத்தது, எவ்வளவு விளைந்தது என்பதை அவை காட்டுவதில்லை. பண்டை வேளாண்மையின் சிறப்பைப் பேசும் ஆய்வுகள் இந்த எல்லையைக் கடந்து முடிவு கூறுவது ஏற்புடையதன்று.

சேமிப்பு முறைகளைப் பொறுத்தவரை அண்மைக்காலம்வரை வழக்கிலிருந்த மரபுகள் தெளிவான சான்றாகின்றன. குதிர், பத்தாயம், வைக்கோல் புரியால் இறுகக் கட்டப்பட்ட விதைக்கோட்டை ஆகியவற்றில் விதைநெல் வைக்கப்பட்டது. நொச்சி, வேம்பு ஆகியவற்றின் இலைகள் பூச்சி தடுக்கப் பயன்பட்டன. கோட்டை கட்டுமுன் விதையை நன்கு காயவைப்பது இன்றியமையாத செயலாகக் கருதப்பட்டது. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் அதன் சேமிப்புக்காலம் ஏறத்தாழ இருமடங்காகும் என்னும் தற்கால விதையியல் பொதுவிதியோடு இம்மரபு ஒத்துச்செல்கிறது. சேமிப்பிடத்தின் வெப்பநிலை ஐந்து பாகை செல்சியசு குறைவதும் அத்தகைய பயனையே தரும் என்பது அவ்விதியின் மறுபாதி. அதன்படி, வெப்பம் உயர்ந்துவரும் காலத்தில் திறந்த கிடங்குகளில் வைக்கப்படும் விதை முன்னைவிட விரைவில் முளைப்புத்திறனை இழக்கும் என்பது பெறப்படுகிறது. காலநிலை மாற்றம் வயலைத் தாக்குவதற்கு முன்பே விதைக் கிடங்கைத் தாக்குகிறது.

2. உழவர் அளவுகோல்: நிலமும் பருவமும்

நெல் வகைகளுக்கு உழவர்கள் இட்ட பெயர்கள் அவர்களது மதிப்பீட்டு முறையை உணர்த்துகின்றன. களர்நிலத்தைச் சுட்டும் களர்பாலை, ஆழ்ந்த நீர்நிலையைச் சுட்டும் மடுமுழுங்கி ஆகியவை நிலத்தின் தன்மையைப் பெயரிலேயே கொண்டுள்ளன. குழியடிச்சான் கடலோர உவர்நிலத்துக்கும் நீர்ப்பற்றாக்குறைக்கும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. காட்டுயானம் உயர்ந்து வளர்ந்து தேங்கிய நீரைத் தாங்குவதாகவும், பூங்கார் குறுகிய காலத்தில் விளைந்து இடரைக் கடப்பதாகவும் உழவர்கள் கூறுவர். குறுவை, சம்பா, தாளடி எனப் பருவத்தாலும் நெல் பகுக்கப்பட்டது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி விதையின் பயன் காலத்தோடு பிணைந்தது என்பதையே வலியுறுத்துகிறது.

இப்பெயர்களில் மகசூலின் அளவு முன்னிற்கவில்லை. எவ்வளவு விளையும் என்பதைக் காட்டிலும், எந்த நிலத்தில், எந்த இடரில் விளையும் என்பதே மதிப்பீட்டின் மையமாக இருந்துள்ளது. அக்காலத் தரம் என்பது பொருத்தப்பாடே ஆகும்.

இதற்குத் தக்க சான்று தஞ்சைப் பகுதியில் வழங்கிய ஊடு சாகுபடி முறையாகும். குறுகிய காலக் குறுவை நெல்லையும் நீண்டகால ஒட்டடம் நெல்லையும் ஒன்றாகக் கலந்து விதைத்து, ஒரே வயலில் வளர்ப்பர். குறுவை முதிர்ந்து அறுக்கப்படும்போது ஒட்டடத்தின் தாளும் சேர்ந்து அறுபடும். பின்னர் ஒட்டடம் துளிர்த்து வளர்ந்து தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வரும். ஒருமுறை உழுது, ஒருமுறை நட்டு, இருமுறை அறுக்கும் முறை இது. இரண்டாம் நடவுக்குரிய உழைப்பும் நாற்றங்காலும் தேவைப்படாமையால், வடகிழக்குப் பருவமழை உச்சமடையும் நாட்களில் இளநாற்று வெள்ளத்தில் சிக்கும் இடர் இதில் தவிர்க்கப்பட்டது. வேரூன்றிய ஒட்டடம் அம்மழையை எதிர்கொண்டது.

இதன் மகசூல் குறைவு என்பது உண்மையே. இருபோக நெல்லுக்கு இடங்கொடுத்து இம்முறை பின்னர் மறைந்தது. ஆயினும் வேறொரு செய்தி இங்குக் கருதத்தக்கது. இருவேறு வகைகள் கலந்த விதை, பிற்காலத் தர அளவுகோலின்படி கலப்படம் ஆகும். உழவரின் அளவுகோலின்படி அது திட்டமிட்ட காப்பு. ஒரே கலப்பு ஓர் அளவுகோலில் குறையாகவும் மற்றோர் அளவுகோலில் நிறையாகவும் நிற்பதிலிருந்தே விதைத்தரத்தின் வரலாற்றுச் சிக்கல் தொடங்குகிறது.

3. தூயவழித் தேர்வும் ஆராய்ச்சி நிலையங்களும்

சென்னை மாகாணத்தில் 1876-78ஆம் ஆண்டுகளில் நேர்ந்த பெரும்பஞ்சமும், அதனையடுத்து 1880இல் வெளிவந்த பஞ்சக்குழு அறிக்கையும் வேளாண்துறையின் தேவையை வலியுறுத்தின. சைதாப்பேட்டையில் இயங்கிய வேளாண் கல்லூரி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கு 1912இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. எஃப். ஆர். பார்னெல், அவருக்குப்பின் கே. இராமையா ஆகியோரின் பணிகள் இந்நிலையத்தை இந்திய நெல் ஆராய்ச்சியின் முன்னோடியாக்கின. 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

இந்நிலையங்களின் தொடக்ககால முறை தூயவழித் தேர்வாகும். ஓர் உள்ளூர் வகையின் வயலில் பல தன்மையுடைய செடிகள் கலந்து நிற்கும். அவற்றுள் சிறந்த தனிச்செடிகளைத் தெரிந்து, அவற்றின் வழித்தோன்றல்களைத் தனித்தனியே வளர்த்து, ஒரேசீரான வழியைப் பிரித்தெடுப்பதே இம்முறை. 1921இல் வெளியிடப்பட்ட ஜி.இ.பி. 24 இவ்வகையில் புகழ்பெற்றது. கோணாமணி என்னும் உள்ளூர் நெல்லில் தோன்றிய இயற்கைத் திரிபிலிருந்து இது பெறப்பட்டது. சன்ன அரிசிக்காக விரும்பப்பட்டது. இதன் வழிமுறை நெடியது. இதனையும் கோ 18ஐயும் இணைத்துத் திருவூர்க்குப்பத்தில் டி.கே.எம். 6 உருவாக்கப்பட்டது. தண்டுத்துளைப்பானைத் தாங்கும் தன்மைக்காக டி.கே.எம். 6 பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெற்றோராகப் பயன்பட்டு, ஐ.ஆர். 20 பிறந்தது. ஜப்பானிய நோரின் 10ஐயும் ஜி.இ.பி. 24ஐயும் இணைத்து உருவான ஆடுதுறை 27, 1960களின் நடுப்பகுதியில் தஞ்சைக் குறுவைப் பருவத்தில் பரவியது. பசுமைப்புரட்சியின் நெல் வகைகள் முற்றிலும் வெளியிலிருந்து வந்தவை என்னும் கருத்து இச்சான்றுகளால் திருத்தம் பெறவேண்டியதாகிறது.

தூயவழித் தேர்வு இருவகை விளைவுகளைத் தந்தது. ஒரேசீராக முதிரும் பயிர், ஒரேசீரான அரிசி, கூடுதல் மகசூல் ஆகியவை கிடைத்தன. பஞ்சத்தின் நிழலில் இயங்கிய காலத்துக்கு இவை மிகுந்த பயனுடையவை. அதேவேளை, உள்ளூர் வகைக்குள் கலந்திருந்த பன்மை வயலைவிட்டு நீங்கியது. தரம் என்பது தூய்மை என்னும் பொருளை ஏற்றது இக்கட்டத்திலேயே ஆகும். இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் காண்பது பொருந்தாது. தெரிந்தெடுத்துப் பெயரும் எண்ணும் இட்டுக் காத்ததனாலேயே பல உள்ளூர் வகைகளின் பண்புகள் பிற்காலத்துக்கு எட்டின. இதனை ஐந்தாம் பகுதி விளக்கும்.

4. சட்டத்தின் அளவுகோல்

நல்ல வகையை உருவாக்குவது ஒரு பணி. அதனைக் கலப்பின்றிப் பெருக்கி உழவரிடம் சேர்ப்பது மற்றொரு பணி. 1926இல் அமைக்கப்பட்டு 1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண் ஆணையம் இவ்விரண்டையும் கவனத்தில் கொண்டது. விடுதலைக்குப்பின், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வளர்ச்சி வட்டாரங்கள்தோறும் அரசு விதைப்பண்ணை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 1963இல் தேசிய விதைக் கழகம் நிறுவப்பட்டது. 1966இல் விதைகள் சட்டம் இயற்றப்பட்டு, 1969இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் வழியே இன்று வழங்கும் விதைநிலைகள் உருப்பெற்றன. கருவிதையிலிருந்து வல்லுநர் விதையும், அதிலிருந்து ஆதார விதையும், அதிலிருந்து சான்று விதையும் பெருக்கப்படுகின்றன. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என அட்டைகள் வேறுபடும். நெல்லின் சான்று விதைக்குக் குறைந்தளவு முளைப்புத்திறன் 80 விழுக்காடு, குறைந்தளவு புறத்தூய்மை 98 விழுக்காடு, காற்றுப்புகும் பைகளில் மிகையளவு ஈரப்பதம் 13 விழுக்காடு என வரையறுக்கப்பட்டுள்ளது. விதைப்பயிருக்கும் பிற நெல் வயலுக்கும் இடையே மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும்.

இந்த அளவுகோலின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. முளைக்காத விதையால் ஏமாற்றப்படும் உழவருக்கு, ஆய்வக எண் ஒன்றே முறையிடும் ஆதாரமாகிறது. பருவம் சுருங்கிவரும் காலத்தில் முளைப்புத்திறன் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. மேட்டூர் அணை திறப்புத் தாமதமானால் குறுவை தாமதமாகும். குறுவை தாமதமானால் தாளடி மழையில் சிக்கும். இந்நிலையில் நாற்றங்கால் ஒருமுறை பழுதானால் மறுமுறை விதைக்கக் காலம் இராது. ஒரேசீராக முளைக்கும் விதை பயிருக்குச் சில நாட்களை மீட்டுத் தருகிறது. அச்சில நாட்களே பலவேளைகளில் விளைச்சலுக்கும் இழப்புக்கும் இடைப்பட்ட தொலைவாகும்.

ஆயினும் இந்த அளவுகோல் அளக்காதவையும் உள்ளன. முதலாவது, முளைப்புச் சோதனை உகந்த வெப்பமும் ஈரமும் உள்ள ஆய்வகச் சூழலில் நடைபெறுகிறது. இடர்ச்சூழலில் முளைத்து நிலைபெறும் ஆற்றலாகிய விதைவீரியம் சான்றளிப்பின் கட்டாய அளவுகளுள் இடம்பெறவில்லை. 80 விழுக்காடு முளைப்புடைய இரு விதைத்தொகுதிகள் இறுகிய மண்ணிலும் மழைநீர் தேங்கிய நாற்றங்காலிலும் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது, வறட்சியையோ வெள்ளத்தையோ உவரையோ தாங்கும் தன்மை வகையின் பண்பே அன்றி விதைத்தொகுதியின் பண்பன்று. அட்டையின் நிறம் அதனைக் கூறாது. மூன்றாவது, சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட வகைகளுக்கே சான்று வழங்கமுடியும். அறிவிக்கை பெறாத உழவர் வகை எவ்வளவு தூய்மையாக இருப்பினும் நீல அட்டை பெறாது.

5. தலபுட்டியாவிலிருந்து சப்1 வரை

வங்கப் பஞ்சத்துக்குப்பின் 1946இல் ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கோயம்புத்தூரில் பணியாற்றிய கே. இராமையா அதன் முதல் இயக்குநரானார். வெள்ளம் வழக்கமாகிய ஒடிசாவில், தலபுட்டியா என்னும் உள்ளூர் நெல்லிலிருந்து 1940களில் தூயவழித் தேர்வினால் எஃப்.ஆர். 13ஏ பிரித்தெடுக்கப்பட்டது. வெள்ளம் தாங்கும் தன்மையையே அதன் பெயரெழுத்துகள் சுட்டுகின்றன. முழுதும் நீரில் மூழ்கியும் அது பிழைத்தது. ஆனால் மகசூலும் அரிசித்தரமும் குறைவு. அன்று நிலவிய அளவுகோலில் அது சிறந்த வகையாக மதிக்கப்பட இடமில்லை.

எஃப்.ஆர். 13ஏயின் தன்மை பிற்காலத்தில் பன்னாட்டு ஆய்வுகளில் கவனம் பெற்றது. 1996இல் அத்தன்மையின் பெரும்பகுதி ஒன்பதாம் குரோமோசோமில் ஓரிடத்தில் அமைந்திருப்பது கண்டறியப்பட்டு, அவ்விடம் சப்1 எனப் பெயர்பெற்றது. 2006இல் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டது. அது செயல்படும் விதம் எளிதில் விளங்கத்தக்கது. நீரில் மூழ்கிய நெற்செடி பொதுவாக நீர்ப்பரப்பை எட்டுவதற்காக விரைந்து நீளும். அதில் தன் சேமிப்பு மாவுச்சத்தை இழந்து, நீர் வடிந்தபின் சாய்ந்து மடியும். சப்1 உடைய செடி நீள்வதைக் கட்டுப்படுத்தி, சேமிப்பைக் காத்து, நீர் வடிந்தபின் புதிய இலை விடும். ஏறத்தாழ இருவாரம்வரை மூழ்கியிருந்தும் அது மீளும்.

இப்பண்பு, 1982இல் ஆந்திரத்தின் மாருட்டேரு நிலையத்திலிருந்து வெளிவந்து பரவலாகப் பயிராகிவந்த சுவர்ணா வகையில் குறியீட்டு வழித் தேர்வினால் சேர்க்கப்பட்டது. மரபணு மாற்றுத் தொழில்நுட்பமின்றி, பலமுறை பின்கலப்புச் செய்து பெறப்பட்ட சுவர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஒடிசாவில் நிகழ்த்தப்பட்டு 2013இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளிவந்த கள ஆய்வு, வயல் பத்து நாட்கள் மூழ்கிய நிலையில் சுவர்ணாவைவிட சுவர்ணா-சப்1 45 விழுக்காடு கூடுதல் மகசூல் தந்ததாகக் கூறுகிறது. வெள்ளம் இல்லாதபோது மகசூல் குறையவில்லை என்பதும், தாழ்ந்த நிலங்களைப் பெரிதும் உழுதுவரும் பட்டியல் சாதியினர் கூடுதல் பயன்பெறும் நிலையில் உள்ளனர் என்பதும் அவ்வாய்வின் முடிவுகளாகும். நிலத்தின் மேடுபள்ளம் சமூகத்தின் மேடுபள்ளத்தோடு ஒத்திருக்கும் இடத்தில், வெள்ளம் தாங்கும் விதை சமூகநீதியோடும் தொடர்புடையதாகிறது.

இவ்வரலாற்றில் மூன்று அளவுகோல்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காணலாம். பொருத்தப்பாட்டை நாடிய உழவர் தலபுட்டியாவைக் காத்தனர். தூய்மையை நாடிய ஆராய்ச்சியாளர் அதிலிருந்து எஃப்.ஆர். 13ஏயைப் பிரித்துப் பாதுகாத்தனர். சான்றளிப்பும் விதைப்பெருக்கமும் சுவர்ணா-சப்1ஐ வயலுக்குக் கொண்டுசேர்த்தன. இவற்றுள் ஒரு கண்ணி அறுந்திருப்பினும் அவ்விதை பிறந்திராது. அரை நூற்றாண்டுக்குமேல் மகசூல் அளவுகோலில் பின்தங்கிய ஒரு நெல், இடர் மாறியபோது இன்றியமையாததாயிற்று. எந்த இடர் எப்போது வரும் என அறியவியலாத நிலையில், இன்று பயனற்றதாகத் தோன்றும் வகையையும் காக்கவேண்டிய தேவைக்கு இதுவே வலுவான சான்றாகும்.

6. காவிரிப் படுகையில் அதன் தொடர்ச்சி

கட்டாக்கில் உருவாகி 1980களில் வெளிவந்த சி.ஆர். 1009, தமிழகத்தில் பொன்மணி என்னும் பெயரில் நீண்டகாலச் சம்பா வகையாக நிலைபெற்றது. இதில் சப்1 சேர்க்கப்பட்ட வகை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தால் சி.ஆர். 1009 சப் 1 என வெளியிடப்பட்டது. உழவர் ஏற்கெனவே அறிந்த வகையிலேயே புதிய பண்பைச் சேர்த்தது அதன் ஏற்புக்குத் துணைநிற்கும் கூறாகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடலோர வயல்களை உவராக்கியபோது உவரைத் தாங்கும் நெல்லின் தேவை வெளிப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் உருவான திருச்சி 1 முதலிய வகைகள் களர், உவர் நிலங்களை நோக்கியவை.

இவ்வகைகளின் எல்லையையும் குறிப்பிடுதல் வேண்டும். சப்1 பயிரின் வளர்ச்சிப் பருவத்தில் நேரும் முழுமூழ்கலைத் தாங்க உதவுவது. பூக்கும் பருவ வெள்ளத்துக்கோ, வாரக்கணக்கில் அரையளவு தேங்கும் நீருக்கோ, விதைத்தவுடன் நாற்றங்கால் மூழ்குவதற்கோ அது தீர்வாகாது. 2021 ஜனவரியில் நேர்ந்த இடர் முற்றிலும் வேறானது. முதிர்ந்த கதிர் நனைந்து முளைவிடுவதைத் தடுப்பது விதையின் உறக்கநிலை. அறுவடைக்குப்பின் சில வாரங்கள் முளைக்காதிருக்கும் இப்பண்பு, விரைந்து மறுபோகம் விதைக்க விரும்புவோருக்கு இடையூறாகும். மழையில் அறுவடை செய்வோருக்குக் காப்பாகும். உடனே முளைப்பதை மட்டும் தரமாகக் கொள்ளும் அளவுகோலில் உறக்கநிலை குறையாகவே தோன்றும். இங்கும் ஒரே பண்பு இருவேறு மதிப்புப் பெறுகிறது.

7. பாரம்பரிய நெல் மீட்பும் தரம் குறித்த வினாவும்

கோ. நம்மாழ்வாரின் இயற்கை வேளாண்மைப் பரப்புரையும், ‘நெல்’ ஜெயராமனின் முன்னெடுப்பில் 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடைபெற்றுவந்த நெல் திருவிழாவும் பாரம்பரிய நெல்லின்பால் கவனத்தைத் திருப்பின. இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித்தரும் முறை, விதை பெருகவும் பரவவும் வழிவகுத்தது. இம்முறையில் விதை வயலிலேயே ஆண்டுதோறும் வளர்ந்து, மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. குளிர்க்கிடங்குச் சேமிப்பால் இது இயலாது.

எனினும், பாரம்பரிய வகை என்பதனாலேயே விதை தரமுடையதாகிவிடாது. கைம்மாறும்போது வகைகள் கலப்பதும், ஒரே பெயரில் வேறுவேறு நெல் வழங்குவதும், போதிய உலர்வின்றிச் சேமிக்கப்படுவதும் நேரக்கூடியவை. வறட்சி தாங்கும் என நம்பி வாங்கிய விதை வேறொன்றாக இருப்பின், இழப்பை ஏற்பவர் அவ்வுழவரே. ஊடு சாகுபடியில் கலப்பு அறிந்து செய்யப்பட்டது. இங்கு நேர்வது அறியாக் கலப்பு. இவ்வேறுபாட்டை மரபு மீட்புப் பணி கவனத்தில் கொள்ளுதல் நலம்.

மறுபுறம், 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவர் தம் விளைபொருளைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் வணிகப் பெயரிடாத விதையாக விற்கவும் உள்ள உரிமையை ஏற்கிறது. உழவர் வகைகளைப் பதிவுசெய்யவும் வழி தருகிறது. ஆனால் உரிமையை ஏற்கும் சட்டமும் தரத்தை அளக்கும் சட்டமும் வேறுவேறாக இயங்குகின்றன. உழவர் வகைக்கு ஏற்ற தர உறுதிமுறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடமாகவே உள்ளது. சீர்மையை முதன்மையாகக் கொள்ளாமல், வகையின் அடையாளம், முளைப்பு, ஈரப்பதம், விதைவழி நோயின்மை ஆகியவற்றை ஊர் அளவில் சோதித்து எழுதிவைக்கும் எளிய முறை ஒன்று அவ்வெற்றிடத்தை நிரப்பக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. விதைத்தரம் மாறாத ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லன்று. பொருத்தப்பாடு, தூய்மை, ஆய்வக அளவு என அது காலந்தோறும் தேவைக்கேற்பப் பொருள் மாறியுள்ளது.

2. விதைத்தொகுதியின் தரமும் வகையின் தகுதியும் வேறானவை. நீல அட்டை முன்னதற்குச் சான்று, பின்னதற்குச் சான்றன்று. பாரம்பரியப் பெயர் பின்னதைக் குறிப்பாக உணர்த்தலாம், முன்னதற்கு உறுதியாகாது.

3. வெள்ளம் தாங்கும் நெல்லின் வரலாறு, உழவரின் காப்பு, ஆராய்ச்சியாளரின் தேர்வு, அரசின் விதைப்பெருக்கம் ஆகியவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை நிறுவுகிறது.

4. மீள்திறன் பயிரின் பருவத்தோடும் இடரின் வகையோடும் தொடர்புடையது. எல்லா இடருக்கும் உரிய ஒரே விதை என ஒன்று இல்லை. ஆதலால் ஒரு பகுதியில் பல வகைகளின் நல்ல விதை, தேவைப்படும் வாரத்திலேயே கிடைக்கும் நிலையில் இருப்பதே மீள்திறனாகும்.

5. விதைவீரியம், உறக்கநிலை ஆகியவற்றைத் தர மதிப்பீட்டில் இணைப்பதும், உழவர் வகைகளுக்குரிய தர உறுதிமுறையை உருவாக்குவதும் இனி ஆராயப்படவேண்டிய களங்களாகும்.

புறநானூற்றுக் காலத்து இல்லத்தில் கதிராக உலர்த்தி வைக்கப்பட்ட விதைத்தினை, அடுத்த மழையின்மீது வைத்த நம்பிக்கையாக இருந்தது. அடுத்த மழை எப்போது, எவ்வளவு பெய்யும் என்பது அன்றும் உறுதியன்று. இன்று அந்த உறுதியின்மை மிகுந்துள்ளது. ஆகவே ஒரு விதையை நல்ல விதை எனச் சான்று கூறும்போது, எந்த நிலத்துக்கு, எந்தப் பருவத்துக்கு, எந்த இடருக்கு என்னும் உழவரின் பழைய வினாவையும் உடன் எழுப்புவது இன்றைய விதையியலின் கடமையாகிறது.